நான் சம்பாதித்த உடம்பு

ஆடலூரில் பட்டர் ஃப்ரூட் மண்டி நடத்தும் அம்மா யார் என்று கேட்டால், பஸ் கண்டக்டரே என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவார். பெருமைக்காகச் சொல்கிறாள் என்று நினைப்பீர்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பிறந்த இடத்தில் எனக்குப் பின்னால் ஒரு நாய்கூட வந்ததில்லை. இன்றைக்குப் பெங்களூர் வியாபாரிகள் போன் போட்டு, "அம்மா, காய் எப்ப எறக்குறீங்க?" என்று பணிவாகக் கேட்கிறார்கள். இதைச் சொல்லாமல் பூட்டி வைத்து நான் என்ன செய்வது?

பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. வாத்தியார் தோட்டத்தை விட்டுப் போனதால் நின்றதே தவிர, என் தலையில் ஏறாமல் அல்ல. அந்த வயதில்தான் தோட்டத்தில் பஞ்சம் வந்தது. மாவு இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிய குழியை மறுபடியும் கிளறிப் பார்த்தவர்கள் உண்டு. அப்போது நாங்கள் சிறுபிள்ளைகள் ஒரு கணக்குக் கற்றுக்கொண்டோம். முதலில் கன்னம் ஒட்டும். பிறகு மணிக்கட்டு எலும்பு துருத்தும். அதன் பிறகு அந்த வீட்டு வாசலில் சாவுத் தப்பு அடிக்கும் சத்தம் கேட்கும். இளைத்தவர்கள் போனார்கள், சதை இருந்தவர்கள் நின்றார்கள். நாங்கள் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தபோது எங்கள் பெட்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தப் பாடம் மட்டும் இருந்தது.

அதே கப்பலில் வந்தவள்தான் என் மதினி. பின்னாளில் அவளுடைய அண்ணனை நான் கட்டிக்கொண்டதால் எனக்கு நாத்தனார் ஆனாள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மதினி பக்கத்து வீட்டில் இருக்கிறாள், காபித் தோட்டத்தில் இன்னும் கூலிக்குப் போகிறாள். அவள் குச்சி. என்ன தின்றாலும் குச்சி. நான் அப்படியில்லை.

காபி பறித்தேன், மிளகு உதிர்த்தேன், பிறகு தலைச்சுமையாகப் பழம் விற்றேன். அந்தக் காலத்தில் பட்டர் ஃப்ரூட்டை யாரும் சீண்டமாட்டார்கள். மரத்தடியில் விழுந்து கிடக்கும், பன்றிக்குப் போடுவார்கள். ஊரே சிரிக்க நான் அந்த மரங்களைக் குத்தகைக்கு எடுத்தேன். இன்றைக்குப் பட்டணத்தில் அதைக் கல்லில் வாட்டிய ரொட்டியில் தடவித் தின்கிறார்களாம், சிரித்தவர்கள் என்னிடம் மரக்கன்றுக்கு வருகிறார்கள். மரம் வளர வளர நானும் வளர்ந்தேன். என் வளையல் மணிக்கட்டில் இறுகி, அறுத்து எடுத்துப் பெரிதாக்கித் தரும்படி ஆசாரியிடம் கொடுத்தபோது அவர், "ஒடம்பு போட்டுருச்சே தாயி" என்றார். எனக்கு மாலை போட்டது போல இருந்தது. கடையும் வீடும் சம்பாதித்த மாதிரி இந்த உடம்பையும் நான் சம்பாதித்தேன். மணிக்கட்டு எலும்பு எங்கே இருக்கிறது என்று யார் தடவிப் பார்த்தாலும் கிடைக்காது.

அந்த உடம்பில்தான் கட்டி வந்தது. இடது மார்பில், பச்சைப் பட்டாணி அளவு.

மதுரையில் ஆபரேஷன். பிறகு மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. பிறகு கதிர்வீச்சு, எங்கள் பேச்சில் கரண்டு, வைத்தார்கள். எல்லாவற்றையும் தாங்கினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் அழுதபோது நான் அவர்களுக்கு எங்கள் தோட்டத்துக் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன் என்று நர்சுகளே சொல்வார்கள். ஆனால் உடம்பு இறங்கியது. வளையல் முழங்கை வரை ஏறியது. ஊருக்கு வந்து ஜீப்பை விட்டு இறங்கியதும் மதினி என் மணிக்கட்டைத்தான் முதலில் பிடித்துப் பார்த்தாள். எலும்பு தெரிந்தது. அவள் முகம் பஞ்சத்துக்குப் போய்விட்டது.

"ஏண்டி, ஒன்ன இப்பிடியா அனுப்புனேன் நானு?" என்றாள்.

அன்றிலிருந்து ஆரம்பித்தாள். ஆட்டுக்கால் சூப்பு, மேலே விரல் கனத்துக்கு நெய் மிதக்கும். தேங்காய் ரொட்டி, அதுவும் எண்ணெயில் போட்டு எடுத்தது. கறிக் கொழுப்பை உருக்கி, அதில் முட்டை. நான் வாயை மூடினால் தாடையைப் பிடித்துத் திறப்பாள். தன் கூலியில் பாதியை என் வாய்க்குள் போட்டாள் என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். கன்னம் மறுபடி உப்பியது. வயிறு முன்னைவிட முன்னால் வந்தது. ஊர் வந்து பார்த்து, "தேறிட்டீங்கம்மா" என்றது. நானும் அதே நினைப்பில்தான் அடுத்த முறை மதுரைக்குப் போனேன்.

அங்கே எனக்கு வைத்தியம் பார்ப்பவர் சின்ன வயதுப் பெண் டாக்டர். இடுப்பை டேப் வைத்து அளந்தார், பழைய அளவைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார்.

"என்னம்மா, இம்புட்டு ஏறியிருக்கு?"

"எங்க மதினி கைங்க டாக்டர். தேத்திட்டா" என்றேன்.

"தேத்தல. கெடுக்கிறாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் பிள்ள வயசு ஒங்களுக்கு. ஒடம்புல நாலு சதை இருந்தாத்தான் நோயத் தாங்கும். நாங்க பஞ்சத்தப் பாத்த ஆளுங்க."

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, கொழுப்புன்னா மூட்டை கட்டி அடுக்கி வச்ச சரக்குன்னு நெனைக்கிறீங்க. அது சும்மா கெடக்காது. வேலை செய்யும். தீட்டு நின்னுபோன வயசுல பெண்களுக்கு ஒரு ஹார்மோன் சுரக்கிறது நின்னுடும். ஆனா ஒடம்புல இருக்கிற கொழுப்பு அதே ஹார்மோன கொஞ்சங் கொஞ்சமா தயார் பண்ணிக்கிட்டே இருக்கும். ஒங்களுக்கு வந்த கட்டி அந்த ஹார்மோன வச்சு வளர்ற வகை. இப்ப தினமும் ஒரு மாத்திரை தர்றேன்ல, அது அந்தத் தயாரிப்ப அடைக்கத்தான்."

"நான் இந்தப் பக்கம் கொழுப்ப ஏத்திக்கிட்டே இருந்தா?"

"நீங்க மடைய அடைச்சுட்டு வாய்க்கால வெட்டிவிடுறீங்க."

இது எனக்குப் புரிந்தது. ஆனால் அவர் விடவில்லை. "இன்னொண்ணும் இருக்கு. கொழுப்பு அளவுக்கு மேல நெறஞ்சா உள்ளுக்குள்ள ஒரு புண்ணு மாதிரி ஆயிடும். வலிக்காது, வெளிய தெரியாது. அடிபட்ட எடம் வீங்கிச் செவக்குதுல்ல, அதே மாதிரி உள்ள புகைஞ்சுக்கிட்டே இருக்கும். அந்தக் கொழுப்புலேருந்து சேதி கெளம்பும். 'இங்க அடிபட்டிருக்கு, ஆள் அனுப்பு, வெரசா வளரு'ன்னு. நல்ல செல்லு அதக் கேட்டா பரவால்ல. எங்கயாவது ஒரு கெட்ட செல்லு மிச்சம் ஒளிஞ்சிருந்தா அதுவும் கேட்டுக்கிட்டு இருக்கும்."

இதுவும் எனக்குப் புரிந்தது, அவர் நினைத்ததைவிட நன்றாகவே. எங்கள் மண்டியில் இதை நான் வருடக்கணக்காகப் பார்த்து வருகிறேன். பட்டர் ஃப்ரூட் மரத்தில் பழுக்காது, காயாகப் பறித்துப் பெட்டியில்தான் பழுக்க வேண்டும். பறிக்கும்போது ஒரு காய் கீழே விழுந்து அடிபட்டால், தோலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெட்டிக்குள் போனதும் அது முந்திக்கொள்ளும். அதிலிருந்து ஒரு ஆவி கிளம்பும், கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பக்கத்துக் காய்கள் அதைக் கேட்டுப் பழுக்க ஆரம்பிக்கும். பெங்களூரில் பெட்டியைத் திறந்தால் எல்லாம் கூழ். அதனால் கீழே விழுந்த காயை எவ்வளவு நல்ல காயாக இருந்தாலும் நான் பெட்டியில் சேர்க்க விடமாட்டேன். ஆடலூரில் என் பெட்டிக்கு இருக்கும் பெயர் அப்படி வந்ததுதான்.

டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் கண் விரிந்தது. "கிட்டத்தட்ட அதேதாம்மா" என்றார். கிட்டத்தட்ட என்றால் என்ன, அதேதான்.

"அப்ப எங்க பழத்தயும் விட்டுறணுமா? அதுவும் கொழுப்புத்தான்."

"வேணாம். எல்லாக் கொழுப்பும் ஒரே சேதி சொல்லாது. ஒங்க பழம் அளவா சாப்பிடலாம். மீன் சாப்பிடுங்க, மத்தி மாதிரி மீன். அதுல இருக்கிற கொழுப்பு 'போதும், அடங்கு'ன்னு சேதி சொல்ற பக்கம். பொரிச்ச எண்ணெயத் திரும்பத் திரும்பக் காய வைக்காதீங்க. நடங்க. வயிறு எறங்கணும்."

"எறங்குனா திரும்ப வராதா?"

"வராதுன்னு நான் வாக்குத் தர முடியாதும்மா. மாத்திரைதான் மொதல்ல. மத்ததெல்லாம் வர்ற வழியக் குறுக்கறதுக்கு" என்றார்.

எத்தனையோ வியாபாரிகளைப் பார்த்தவள் நான். எல்லாம் நல்ல காய் என்று சத்தியம் செய்பவனிடம் நான் சரக்கு எடுப்பதில்லை. இவர் சத்தியம் செய்யவில்லை. சரி, இந்தப் பிள்ளை சொல்வதைக் கேட்போம் என்று அங்கேயே முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் செய்ததுதான். குத்தகைக்கு மரம் எடுத்த காலத்திலிருந்து அப்படி.

வெள்ளனே எழுந்து மாத்திரை. பிறகு காபித் தோட்டத்து ஏற்றம் வரை நடை. முதல் வாரம் பாதி ஏற்றத்தில் சுமைதாங்கிக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு, மூட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். விரல் மடங்காது, முழங்காலில் சாவி போட்டுத் திருகுகிற மாதிரி இருக்கும். டாக்டரிடம் சொன்னேன். நடந்தால்தான் அது தளரும், மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். கொழுந்துக் கூடையோடு மலையேறிய வம்சம், வெறும் கையோடு ஏறமாட்டேனா?

மீன்காரர் வத்தலக்குண்டிலிருந்து பைக்கில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வருவார். எனக்கென்று எப்போதும் வஞ்சிரம் எடுத்து வைப்பார். "மத்தி போடுங்க" என்றேன்.

"பூனை வளக்குறீங்களாம்மா?"

"நாந்தான் பூனை. போடுய்யா."

அவர் சந்தேகமாகவே அள்ளிப் போட்டார். "மண்டி நல்லாத்தானம்மா ஓடுது?" என்றும் கேட்டார். மத்தி வாங்கினால் மண்டி படுத்துவிட்டது என்று அர்த்தமாம். "மண்டி ஓடுது, நானும் ஓடுறேன், நீ வண்டிய எடு" என்றேன்.

என் மகன் கொடைக்கானல் ரோட்டில் எங்கள் பழக்கடையைப் பார்த்துக்கொள்கிறான். அவனுக்கு ஒரு யோசனை. "அம்மா, நம்ம பழத்தச் சாப்பிட்டு எங்கம்மா கேன்சர்ல இருந்து பொழச்சாங்கன்னு ஒரு போர்டு வைப்போம். டூரிஸ்ட் பூரா வண்டிய நிறுத்துவான்" என்றான். போட்டோவுக்கு நிற்கும்படி என் கையில் பழத்தையும் கொடுத்தான்.

"கத்தி வச்சு அறுத்தாங்களே, அது ஒன் பழமா? முடி கொட்ட மருந்து ஏத்துனாங்களே, அது ஒன் பழமா? இந்தப் போர்ட நம்பி எவளாவது ஆஸ்பத்திரிக்குப் போகாம பழத்தத் தின்னுட்டு வீட்டுல உக்காந்தா, அந்தப் பாவத்த நீ எந்தப் பெட்டியில ஏத்தி அனுப்புவ?" என்றேன். பழத்தை அவன் கையிலேயே திருப்பி வைத்தேன். 'நல்ல பழம்' என்று போர்டு வைத்தான். அது போதும், அது உண்மை.

இவர்களையெல்லாம் சமாளித்தேன். மதினியைத்தான் முடியவில்லை. என் வயிறு இறங்க இறங்க அவள் பயம் ஏறியது. சூப்பைத் திருப்பி அனுப்பினால் சண்டை. அவளுக்கு டாக்டர் சொன்னதை நான் எத்தனை விதமாகச் சொன்னாலும், "சேதி சொல்லுதாம் கொழுப்பு! ஒனக்கு எவளோ மந்திரிச்சு விட்டுட்டா" என்பாள். ஒருநாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். எலும்பு இலேசாகத் தட்டுப்பட்டிருக்கும்போல. "அந்த மாத்திரைதான் ஒன்ன உருக்குது. அத விட்டுரு. கையெடுத்துக் கும்புடுறேன்" என்றாள். அன்றைக்கு அவளை நான் திட்டவில்லை. பஞ்சத்தில் அவள் தம்பி இளைத்ததைப் பக்கத்து அறையிலிருந்து நானும் பார்த்தவள்.

அப்படி இருக்கும்போதுதான் கிடா வெட்டு வந்தது.

எங்கள் தெருவில் எல்லாம் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள். முனியப்பனுக்கு மாசியில் கிடா வெட்டுவோம். அதில் எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஆட்டின் குடலைச் சுற்றி வெள்ளையாக வலை போலக் கொழுப்பு இருக்குமே, தோட்டத்தில் எந்தக் கிடா வெட்டினாலும் அது கங்காணி வீட்டுக்குப் போய்விடும். வேலை வாங்குகிறவர் அவர், கொழுப்பும் அவருக்கு. நாங்கள் வாசத்தோடு சரி. இங்கே வந்து முதல் கிடா வெட்டியபோது பெரியவர்கள் கூடிப் பேசி, இனி அந்தப் பங்கு கிடா கொடுப்பவருக்கு, எல்லார் முன்னாலும் இலையில் வைத்துத் தின்ன வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கங்காணி பங்கு என்றே அதற்குப் பெயர். மண்டி நிமிர்ந்த காலத்திலிருந்து கிடா கொடுப்பது நான். கங்காணி பங்கு தின்பதும் நான். மிளகு தூவிக் கல்லில் சுட்டு, சொட்டச் சொட்ட என் இலையில் வைப்பது மதினி.

இந்த வருடம் தெருவே என் இலையைப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். தின்னாவிட்டால், 'அம்மா முடிஞ்சு போச்சு' என்று பேச்சு கிளம்பும். வியாபாரத்தில் அந்தப் பேச்சு ஆபத்து. மரத்தைக் குத்தகைக்கு விடுபவர்கள் வேறு ஆளைத் தேடுவார்கள். ஒரு நாள் ஒரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரே சொல்லியிருப்பார். ஆனால் எனக்கு என்னைத் தெரியும். இந்த ஒரு இலையில் ஊருக்காக வளைந்தால், நாளைக்குச் சூப்புக்கு வளைவேன், மறுநாள் மாத்திரைக்கு வளைவேன். அடிபட்ட காய் ஒன்றுதானே என்று நான் பெட்டியில் போட்டதுண்டா?

பந்தி உட்கார்ந்தது. மதினி தட்டோடு வந்தாள். வழக்கத்தைவிடப் பெரிய பங்கு, கல்லின் சூட்டில் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. என் இலையில் வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"தின்னு" என்றாள்.

"மதினி, ஒக்காரு."

"பரிமாற ஆளு வேணும். எனக்குச் சோலி கெடக்கு. நீ தின்னு மொதல்ல."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். குச்சிதானே, இழுத்ததும் வந்துவிட்டாள். என் இலையை அப்படியே அவள் முன்னால் நகர்த்தினேன்.

"கெடா நான் குடுத்தது. பங்கு எனக்கு. என் பங்க நான் யாருக்கு வேணாலும் குடுப்பேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். "இத்தன வருசமா சுட்டுச் சுட்டு வச்சவ இவ. ஒரு தடவ தின்னதில்ல. இந்த வருசம் கங்காணி இவதான்."

மதினி இலையை என் பக்கமே தள்ளப் பார்த்தாள். "வெளையாடாதடி. ஒனக்குத்தான் தெம்பு வேணும்."

"ஒன் மணிக்கட்டப் பாரு. நம்ம கணக்குப்படி மொதல்ல போக வேண்டியவ நீ. நீ எப்பிடி இன்னும் காபி பறிக்கிற?"

அவள் தன் மணிக்கட்டையே பார்த்தாள். அந்தக் கணக்கைத் தன் மேல் அவள் போட்டுப் பார்த்ததே இல்லை என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அவள் குச்சியாகவே இருந்தாள், சாகவில்லை. நான் தடித்தேன், கட்டி வந்தது. பஞ்சத்தில் அந்தக் கணக்கு சரி. இங்கே அது வேறு.

பந்தியில் யாரோ, "தின்னு அயித்த, ஆறிப்போவுது!" என்று கத்தினார்கள். ஒருத்தர் கைதட்டினார். மதினி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். முகத்தைச் சுளித்தாள்.

"இம்புட்டுத்தானா?"

"ஏன்?"

"மெழுகுவத்தி மாதிரி அண்ணத்துல ஒட்டுது. இதுக்கா அந்தக் கங்காணி அப்பிடி அலைஞ்சான்?"

தெரு முழுக்கச் சிரித்தது. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஆனாலும் விட்டுவைக்கவில்லை, கடைசித் துண்டு வரை தின்று இலையை மடித்தாள். உரிமை என்று வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் மிச்சம் வைக்கமாட்டார்கள்.

மறுநாள் வெள்ளனே நான் மாத்திரையை விழுங்கிவிட்டுச் செருப்பை மாட்டும்போது வாசலில் நின்றாள். கையில் தூக்குவாளி. சூப்பு என்று நினைத்துச் சண்டைக்குத் தயாரானேன். திறந்தால் மத்திக் குழம்பு. "நெய் ஊத்தல. மோந்து பாரு" என்றாள். "அந்தச் சின்னப் பொண்ணு சொன்னது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. அடுத்த தடவ மதுரைக்கு நானும் வருவேன். நானே கேக்கணும் அவகிட்ட." கேட்கட்டும். நான் கேட்காத கேள்வியா?

இருவரும் ஏற்றத்தில் நடந்தோம். அவள் முன்னால் போனாள். முழங்கால் திருகியது. பழைய கல்லைப் பிடித்து நிற்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். "வெரசா வா, கங்காணி பாக்குறேன்ல" என்று மேலிருந்து அதட்டினாள். கல்லைத் தொடாமல் கடந்தேன்.

ஆசாரியிடம் வளையலைக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை சின்னதாக்கச் சொல்லி. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வெட்டி எடுக்கிற தங்கத்தைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன், அதில் மதினிக்கு ஒரு மோதிரம் செய்ய வேண்டும். அவள் விரல் அளவைப் பார்த்து ஆசாரி என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டும்.